அம்மா கேமராவைத் துண்டு போட்டு மூடுகிறார்: கேள்வி பதில்

அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் செவிலியராக இருந்தேன். இப்போது ஈரோடு, பெருந்துறை, கோபி வட்டாரத்தில் படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்து வருகிறேன். போனும் கேமராவும் பேசும் கணினியும் வந்துவிட்ட வீடுகளில் பெரியவர்களை மனசு நோகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த போன் வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி (பெங்களூரில் வேலை): அம்மாவுக்கு 76 வயது, சர்க்கரை உண்டு. அரச்சலூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிறார். நாலு கேமரா மாட்டினேன். படுக்கிற அறையில் இருப்பதை மட்டும் தினமும் துண்டு போட்டு மூடிவிடுகிறார். அவர் நல்லதுக்குத்தானே செய்கிறேன்? எப்படிப் புரியவைப்பது?

பதில்: துண்டு போட்டே பதில் சொல்லிவிட்டாரே கண்ணு. புரிய வேண்டியது உங்களுக்குத்தான்.

போன வருடம் ஒரு வீட்டுக்குப் புண்ணுக்குக் கட்டுப் போடப் போனேன். கட்டிலுக்கு நேர் மேலே கேமரா. அந்த அம்மாவை ரவிக்கை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். மூட்டுவலிக்காரர், பத்தடி நடக்கவே மூச்சு வாங்கும். சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய், பீரோவுக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் நின்றுகொண்டார். "இங்க நின்னா பையனுக்குத் தெரியாதுங்க" என்றார். பையன் நல்லவர்தான், மருந்தெல்லாம் தவறாமல் வாங்கி அனுப்புகிறவர். மாட்டும் முன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வாசலிலும் களத்திலும் இருப்பவை இருக்கட்டும். அறைக்குள் இருப்பதைக் கழற்றிவிடுங்கள். ராத்திரி விழுந்துவிடுவாரோ என்ற பயம் நியாயமானது. நான் பார்த்த இடுப்பெலும்பு முறிவுகள் பலவும் ராத்திரி ஒன்றுக்குப் போகும் வழியில் நடந்தவை. அதற்குக் கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை ஒரு சின்ன விளக்கு, சுவரில் பிடித்து எழக் கம்பி, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அழைப்பு மணி. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சாவி.

அப்புறம், போனில் முதல் கேள்வியே "மாத்திரை போட்டீங்களா" என்று இருக்க வேண்டாம். அது நர்ஸ் கேட்கிற கேள்வி. எருமை எவ்வளவு கறந்தது என்று கேளுங்கள்.

கேள்வி (ஈரோடு): அப்பாவுக்கு 81. ரயில்வேயில் தண்டவாள வேலை பார்க்கும் கேங்மேனாக இருந்தவர். பென்ஷனுக்கான வாழ்நாள் சான்றுக்கு வங்கியில் ரேகையே விழவில்லை. "நான் உசுரோட இருக்கறது மிஷினுக்குத் தெரியலையே" என்று வரிசையில் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டார்.

பதில்: சம்மட்டி பிடித்த கையில் ரேகை தேய்ந்துதான் போகும். அடுத்த முறை வரிசைக்கே அழைத்துப் போக வேண்டாம். ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் வாழ்நாள் சான்று 2014இல் வந்தது. 2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டியே போனில் எடுக்கலாம். அது வசதிப்படாவிட்டால் தபால்காரரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், கட்டணம் 70 ரூபாய். 80 தாண்டியவர்கள் நவம்பர் வரை காத்திருக்காமல் அக்டோபரிலேயே கொடுக்கலாம். முகம் எடுக்கும்போது கண்ணைச் சிமிட்டச் சொல்லும். அவருக்கு ஒரு தடவையில் வராது. அதட்டாதீர்கள். ஏன் சிமிட்ட வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி (பவானி): ஆத்தாவுக்கு எந்த போன் நல்லது?

பதில்: முதல் பத்தியைப் படியுங்கள்.

கேள்வி (திருப்பூர், கல்லூரி மாணவன்): அப்பாரு (தாத்தா) இறந்து நாலு மாதம். ராத்திரி ஏஐயிடம் அவரைப் பற்றிப் பேசுகிறேன். வீட்டில் யாரையும்விட அதுதான் பொறுமையாகக் கேட்கிறது. இது தப்பா?

பதில்: தப்பில்லை சாமி, வெட்கப்படவும் வேண்டாம். இது புதிதும் இல்லை. 1966இல் அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் எலைசா என்றொரு கணினி நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், பெரும்பாலும் அதுதான் அதன் வித்தை. அவர் அதை எழுதியபோது கூடவே இருந்து பார்த்த செயலாளர் அம்மாவே, அதோடு கொஞ்சம் பேசியதும், "நீங்கள் சற்று வெளியே போங்கள்" என்று அவரிடம் சொன்னாராம். எழுதியவரே மிரண்டு போனார். பிறகு இதைப் பற்றியே எச்சரித்து வந்தார்.

அதற்குப் பொறுமை இருப்பது சலிப்பு என்ற ஒன்று இல்லாததால். உங்கள் அப்பாருவை அதற்குத் தெரியாது. ஆத்தாவுக்குத் தெரியும், அவரும் ராத்திரி தூங்காமல்தான் கிடப்பார். அதனிடம் சொன்னதில் பாதியை ஆத்தாவிடம் சொல்லிப் பாருங்கள். "இல்லடா, அன்னிக்கு அப்படி நடக்கல" என்று திருத்துவார். அந்தத் திருத்தம் உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காது. தூக்கமே போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி (கொடுமுடி): கேமரா பற்றிய பதில் எனக்கு ஒப்பவில்லை. தோட்டத்தில் தனியாக இருக்கும் வயசானவர்களுக்கு நடந்ததெல்லாம் செய்தியில் பார்க்கவில்லையா? மானம் பெருசா, உசுரு பெருசா?

பதில்: பார்த்தேன். நானும் தோட்டத்தில்தான் குடியிருக்கிறேன். அதனால்தான் வாசலிலும் களத்திலும் இருக்கட்டும் என்றேன். திருடன் படுக்கையறைச் சுவரிலிருந்து முளைப்பதில்லை. நாய், ஆள் வந்தால் எரியும் விளக்கு, வெளியூர் போகும்போது ஸ்டேஷனில் ஒரு வார்த்தை, இவையெல்லாம் கட்டிலைப் படம் எடுப்பதைவிட உதவும்.

கேள்வி (பல்லடம், மருமகள்): நீங்கள் வெளியிலிருந்து பேசுகிறீர்கள். என் மாமியாருக்கு மறதி நோய். நான் பனியன் கம்பெனிக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அறைக்குள் கேமரா இருப்பதால்தான் எட்டு மணி நேரம் அங்கே உட்கார முடிகிறது. அவரிடம் அனுமதி கேட்டால் எதற்கு என்றே அவருக்குத் தெரியாது.

பதில்: நீங்கள் சொல்வது சரி. நான் எல்லாருக்கும் சேர்த்து ஒரே சட்டம் போட்டுவிட்டேன், வாபஸ். மறதி நோய் வந்தவர் அடுப்பைத் திறந்து வைத்துவிட்டு வெளியே நடந்துவிடுவார். உங்கள் வீட்டில் கேமரா இருக்கட்டும். குளிக்கிற, துணி மாற்றுகிற பக்கம் பார்க்காதபடி திருப்பி வையுங்கள். யார் யார் போனில் தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். கொழுந்தனார், நாத்தனார் என்று ஆறு பேருக்குத் தேவையில்லை. பதிவை எடுத்துக் குடும்ப வாட்ஸாப்பில் "பாட்டி காமெடி" என்று போடவே கூடாது. போட்ட வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (கொடுமுடி, மறுபடியும்): அப்போ நான் சொன்னதுதானே சரி?

பதில்: இல்லை. அந்த அம்மாவுக்கு மறதி இல்லை. தினமும் மறக்காமல் துண்டு போடுகிறார்.

கேள்வி (காங்கேயம்): நிலத்தை மகனுக்கு எழுதிக் கொடுத்தேன். சோறு போடுவதில்லை.

பதில்: நான் வக்கீல் அல்ல. 2007ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தில், பார்த்துக்கொள்வார் என்று எழுதிக் கொடுத்ததை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யக் கேட்பதற்கு 23ஆம் பிரிவு இருக்கிறது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். மூத்த குடிமக்கள் உதவி எண் 14567க்கும் பேசுங்கள்.

கேள்வி (சத்தி): சிபிஐ என்று வீடியோ காலில் வந்து அப்பாவை "டிஜிட்டல் கைது" என்று மிரட்டினார்கள். பணம் போய்விட்டது.

பதில்: அப்படியொரு கைது சட்டத்திலேயே இல்லை. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. அப்பாவைத் திட்டாதீர்கள், அது முக்கியம்.

கேள்வி (கோபி): இதயத் துடிப்பு காட்டும் வாட்ச் எந்தக் கம்பெனி?

பதில்: அடுத்த கேள்வி.

கேள்வி (சிங்கப்பூர்): அப்பா நினைவில்லாமல் கிடக்கிறார். வர இரண்டு நாள் ஆகும். வீடியோ காலில் பேசினால் பிரயோசனம் உண்டா?

பதில்: உண்டு, பேசுங்கள். உயிர் பிரியும் தறுவாயில் நினைவிழந்தவர்களின் மூளையும் ஒலிக்கு எதிர்வினை காட்டியது என்று கனடாவில் 2020இல் ஓர் ஆய்வு வந்தது. போனை முகத்துக்கு நேரே பிடிக்கச் சொல்லாதீர்கள். காதோரம் தலையணையில் வைக்கச் சொல்லுங்கள். அவர் உங்களை வீட்டில் எப்படிக் கூப்பிடுவாரோ அந்தப் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள். பக்கத்தில் இருப்பவர் அவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். பதிவு செய்ய வேண்டாம்.

கேள்வி (பெங்களூர், முதலில் கேட்டவர்): அறைக் கேமராவைக் கழற்றட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "அத எடுத்துப்போடு. களத்துல இருக்கறது இருக்கட்டும். கடலைக்காய் காயுது, மயிலு வந்தா போன் பண்ணு, போய் முடுக்கிக்கறேன்" என்றார். இன்றைக்குக் காலையில் மூன்று தடவை போன் பண்ணினேன்.

பதில்: மயில் முடுக்கப் போகும்போது வெறுங்காலோடு போக வேண்டாம் என்று சொல்லுங்கள். சர்க்கரை இருக்கிறது என்றீர்களே.