தொழிற்சங்கமும் வேட்பாளரும் – கடிதம்

வணக்கம் ஐயா,

2024 அமெரிக்க அதிபர் தேர்தல் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். லாரி ஓட்டுநர்கள் அதிகம் உள்ள டீம்ஸ்டர்ஸ் சங்கத்தில் சுமார் 13 லட்சம் உறுப்பினர்கள். யாரை ஆதரிக்கலாம் என்று சங்கமே மின்னணு வாக்கெடுப்பு நடத்த, பதில் சொன்னவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் டிரம்ப் என்றார்கள். ஹாரிஸுக்கு 34. ஆனால் செயற்குழு கூடி, 14க்கு 3 என்று வாக்களித்து, யாருக்கும் ஆதரவில்லை என்றுவிட்டது. அப்படியென்றால் உறுப்பினர்களைக் கேட்பானேன்? நம் பக்கம் சங்கத்தின் பெயரைச் சொன்னாலே கட்சி தெரிந்துவிடும். அங்கே எப்படித்தான் முடிவெடுக்கிறார்கள்? சங்கம் கைகாட்டினால் தொழிலாளி கேட்டே ஆகவேண்டுமா?

க.

அன்புள்ள க.,

உறுப்பினர்களைக் கேட்பது அவசியம்தான். ஆனால் அந்தப் பதிலை அப்படியே அறிவிப்பதற்கு ஒரு செயற்குழு தேவையில்லை, குமாஸ்தா போதும். வாக்கெடுப்பில் பதில் சொல்பவர் தொழிலாளியாக மட்டும் நின்று சொல்வதில்லை. துப்பாக்கிச் சட்டம், குடியேற்றம், மதம், விலைவாசி எல்லாவற்றையும் மனதில் வைத்துத்தான் சொல்கிறார். அது அவர் உரிமை. சங்கம் பார்க்க வேண்டியதோ ஒன்றே ஒன்று: நாளை வேலைநிறுத்தம் என்று வந்தால் இந்த ஆள் எங்கே நிற்பார்?

அதைக் கண்டுபிடிக்கத்தான் நடைமுறைகள். சங்கத்துக்குச் சங்கம் மாறும் என்றாலும் பொதுவாக முதலில் வேட்பாளர்களுக்கு ஒரு கேள்வித்தாள் போகும். குறைந்தபட்சக் கூலியை உயர்த்துவீர்களா, அரசுப் பணிகளைத் தனியாருக்கு விடுவீர்களா, சங்கம் அமைப்பதை எளிதாக்கும் சட்டத்துக்கு வாக்களிப்பீர்களா, இப்படி. பிறகு ஒரு குழு நேரில் உட்கார்ந்து விசாரிக்கும். பதவியில் இருப்பவர் என்றால் பேச்சைவிட அவர் அவையில் அளித்த வாக்குகளின் பட்டியல்தான் முக்கியம். கேள்வித்தாளில் எல்லோருமே நல்லவர்கள். குழு பரிந்துரைக்கும், பிரதிநிதிகளோ செயற்குழுவோ வாக்களிப்பார்கள். பல அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் சேர்ந்த ஏஎஃப்எல்-சிஐஓ கூட்டமைப்பின் பல மாநில அமைப்புகளில் சாதாரணப் பெரும்பான்மை போதாது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பாதிக்குப் பாதி பிளந்து நிற்கும்போது ஒருவரை ஆதரித்தால் சங்கமும் பிளக்கும் என்ற பயம்தான் காரணம். எட்டவில்லையென்றால் ஆதரவு யாருக்குமில்லை. 1972 அதிபர் தேர்தலில் நிக்சன், மெக்கவர்ன் என்ற இரு வேட்பாளர்களையுமே அந்தக் கூட்டமைப்பு ஆதரிக்கவில்லை.

இவ்வளவு செய்தும் ஏமாறலாம். 1980இல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் சங்கமான பாட்கோ, அதிபர் தேர்தலில் ரீகனை ஆதரித்தது. ஆள் பற்றாக்குறை, பழைய கருவிகள் என்ற அவர்களது புகார்களைக் கவனிப்பதாக அவர் கடிதமே எழுதித் தந்திருந்தார். 1981 ஆகஸ்டில் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 48 மணி நேரம் கெடு கொடுத்துவிட்டு 11,000க்கும் மேற்பட்டவர்களை ரீகன் வேலையைவிட்டு நீக்கினார். மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது அங்கே சட்டவிரோதம், அந்த வகையில் அவர் சட்டப்படிதான் நடந்தார். ஆனால் கடிதத்தில் வேலைநிறுத்தம் பற்றி ஒரு வரிகூட வாங்கிக்கொள்ளாமல் ஆதரவை நீட்டியது யார் பிழை? அந்த ஆண்டே சங்கத்தின் அங்கீகாரமும் போனது.

நேரெதிர் உதாரணம், வாகனத் தொழிலாளர்களின் யூஏடபிள்யூ. 2023இல் மற்ற பெரிய சங்கங்கள் பைடனுக்கு முந்திக்கொண்டு ஆதரவு தந்தபோது இவர்கள் தரவில்லை. அந்த செப்டம்பரில் மிச்சிகனில் மறியல் நடந்த இடத்துக்கே பைடன் வந்து நின்றார். 2024 ஜனவரியில்தான் ஆதரவு கிடைத்தது. ஆதரவு என்பது கையில் இருக்கும்வரைதான் சரக்கு.

சரி, டீம்ஸ்டர்ஸுக்கு வருகிறேன். வேலைநிறுத்தத்தில் தலையிடமாட்டோம் என்பது போன்ற உறுதிமொழிகளை இரு தரப்பும் தரவில்லை என்றது செயற்குழு. அது நியாயமான காரணம். எனக்கு ஒப்பாதது வேறு. அதே நாளில் அந்த 60 சதவீதக் கணக்கையும் வெளியிட்டார்கள். ஆதரவில்லை என்று சொல்லிக்கொண்டே ஒருவருக்கு விளம்பரப் பலகையை எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிற்று. இத்தனைக்கும் அதே ஆண்டு, பைடன் இன்னும் போட்டியில் இருந்தபோது, கிளைக் கூட்டங்களில் எடுத்த வாக்கெடுப்பில் அவர்தான் முன்னிலை: அவருக்கு 44 சதவீதம், டிரம்புக்கு 36. வேட்பாளர் மாறினார் என்பது உண்மை. ஆனால் கூட்டத்துக்கு நேரில் வருகிறவரும் வீட்டிலிருந்து பொத்தானை அழுத்துகிறவரும் ஒரே மாதிரி ஆட்கள்தானா என்பதையும் யோசிக்க வேண்டும்.

கடைசிக் கேள்வி. தொழிலாளி கேட்க வேண்டியதில்லை, வாக்கு அவருடையது. சங்கத்தின் ஆதரவு கட்டுப்படுத்துவது சங்கத்தின் உழைப்பையும் பணத்தையும்தான். பணத்திலும் வரம்பு உண்டு. 1947இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டப்படி, நாடளவிலான பதவிகளுக்குப் போட்டியிடுபவருக்குச் சந்தாப் பணத்திலிருந்து நன்கொடை தர முடியாது. உறுப்பினர்கள் விரும்பித் தரும் தனி நிதியிலிருந்துதான் தரலாம். ஆனால் தன் உறுப்பினர்களுக்குக் கடிதம் போட, வீடு தேடிப் போய்ப் பேச, சந்தாவைச் செலவிடலாம். ஆதரவின் பலமே அங்கேதான். தலைமை ஒதுங்கிக்கொண்டாலும் கிளைகள் ஒதுங்க வேண்டுமென்பதும் இல்லை. மிச்சிகன், விஸ்கான்சின், நெவாடா, கலிபோர்னியா டீம்ஸ்டர்ஸ் அமைப்புகள், செயற்குழு அறிவித்த கையோடு ஹாரிஸை ஆதரித்துவிட்டன.