பதிவு கையில் இருக்கிறது, பாடகர் வேண்டாம் என்கிறார்: வெளியிடலாமா?

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன். "அண்ணன், நாங்கள் ஐந்து பேர், 2000களின் தொடக்கத்தில் ஒரு ரொக் பாண்ட் வைத்திருந்தோம். பிறகு ஒருவர் கனடா, ஒருவர் கட்டார் என்று பிரிந்துவிட்டோம். போன வருடம் மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு எல்லோரும் ஊருக்கு வந்தபோது கல்லடியில் ஒரே ஒரு இரவு சேர்ந்து வாசித்தோம். சவுண்ட்காரர் மிக்ஸரிலேயே பதிவு செய்து பென் டிரைவில் தந்தார். நாலு பேருக்கும் வெளியிட ஆசை, பாடகர் மட்டும் வேண்டாம் என்கிறார், காரணமும் சொல்லவில்லை. இங்கிலாந்து ரொக் குழுவான லெட் செப்பெலின் லைவ் எய்ட் நிவாரணக் கச்சேரியில் மறுபடி சேர்ந்து வாசித்ததையும் அவர்கள் இன்றுவரை வெளியிடவில்லையாம். அவ்வளவு பெரிய குழு ஏன் மறைத்தது? எங்களுடையதை நாங்கள் நாலு பேரும் முடிவெடுத்து யூடியூபிலும் ஸ்பொட்டிஃபையிலும் போடலாமா?"

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் சேர்ந்து ஐந்தாவது ஆளின் குரலை வெளியிட முடியாது. சட்டம் விடாது, விட்டாலும் அது நியாயம் இல்லை. ஆனால் அவர் எதை வேண்டாம் என்கிறார் என்று நீங்கள் இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பட்டது.

லெட் செப்பெலின் கதையையே எடுப்போம், உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதில் இருக்கிறது. ட்ரம்ஸ் வாசித்த ஜோன் பொன்ஹம் 1980 செப்டெம்பரில் இறந்துபோக, அந்த வருடம் முடியுமுன்னே குழுவைக் கலைத்துவிட்டார்கள். மிச்சமிருந்த ஜிம்மி பேஜ், ரொபர்ட் பிளாண்ட், ஜோன் போல் ஜோன்ஸ் மூவரும் அதற்குப் பிறகு ஒன்றாக மேடையேறியது 1985 ஜூலை 13, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட்டில், பிலடெல்பியா நகரின் ஜோன் எஃப். கென்னடி மைதானத்தில். ட்ரம்ஸுக்கு இரண்டு பேர்: ஒருவர் டோனி தொம்சன், மற்றவர் ஃபில் கொலின்ஸ், அவர் அன்றே லண்டன் வெம்ப்ளி மேடையில் பாடிவிட்டு கொன்கோர்ட் விமானத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து இறங்கியவர். ஒழுங்கான ஒத்திகை இல்லை. பேஜின் கிற்றார் சுருதி விலகி நின்றது, பிளாண்டின் தொண்டை கட்டியிருந்தது, மேடையில் வாசிப்பவர்கள் தங்கள் ஒலியைத் தாங்களே கேட்க வைக்கும் மொனிட்டர் ஸ்பீக்கர்களும் சரியாக வேலை செய்யவில்லை. மூன்றே பாட்டு. மைதானத்தில் நின்ற சனம் ஆரவாரித்தது, ஆனால் என்ன வாசித்தோம் என்று மேடையில் நின்றவர்களுக்குத் தெரியும். கொலின்ஸ் பாட்டுகளைப் படித்துக்கொண்டு வரவில்லை என்று பேஜ் பிற்காலத்தில் குறைப்பட்டார், கொலின்ஸோ பாதியிலேயே எழும்பிப் போகலாம் போல இருந்தது என்று சொன்னார்.

2004இல் லைவ் எய்ட்டை நான்கு டிவிடிகளாக வெளியிட்டபோது லெட் செப்பெலின் தங்கள் பகுதியைச் சேர்க்க அனுமதி கொடுக்கவில்லை. அதே நேரம் நிவாரணத்துக்குக் கை விரிக்கவும் இல்லை. பேஜும் பிளாண்டும் தாங்கள் இருவரும் சேர்ந்து செய்த வேறொரு டிவிடியின் வருமானத்தையும், ஜோன்ஸ் அப்போது செய்துகொண்டிருந்த அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் வருமானத்தையும் தருவதாகச் சொன்னார்கள். அதனால் ‘மறைத்தார்கள்’ என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். கோடிக்கணக்கான பேர் நேரலையில் பார்த்த ஒன்றை யார் மறைக்க முடியும்? தங்கள் பெயரைப் போட்டு அதை விற்க அவர்களுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

1988 மே மாதம் நியூயோர்க்கின் மெடிசன் ஸ்குவயார் கார்டனில், அவர்களுடைய அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் நாற்பதாவது ஆண்டு விழாவுக்கு மறுபடி சேர்ந்தார்கள். இந்த முறை ட்ரம்ஸில் பொன்ஹமின் மகன் ஜேசன். அன்று ஒளிபரப்புக்குப் போன ஒலியில் ஜோன்ஸின் கீபோர்ட் கேட்கவே இல்லை, அதுவும் தனி வெளியீடாக வரவில்லை. பிறகு 2007 டிசம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கு. அதற்கு வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள், பேஜின் விரல் முறிந்ததால் நவம்பரில் இருந்த நிகழ்ச்சியைத் தள்ளியே வைத்தார்கள். அந்த இரவு ‘செலப்ரேஷன் டே’ என்ற பெயரில் 2012இல் வந்தது, 2014இல் சிறந்த ரொக் அல்பத்துக்கான கிராமி விருதையும் வாங்கியது. நன்றாக வாசித்த இரவுக்கே ஐந்து வருடம் எடுத்திருக்கிறது, தம்பி. உங்களுடையதற்கு ஒரு வருடம்தான் ஆகிறது.

எனக்குத் தெரிந்தவரை, ஊர்க் குழுக்களில் பதிவு வெளிவராமல் கிடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் காசுச் சண்டை இல்லை, வாசித்தவரின் காதுதான். சில வருடங்களுக்கு முன் வாழைச்சேனைப் பக்கத்துப் பழைய குழு ஒன்று இதே பிரச்சினையோடு என்னிடம் வந்தது, பாடகர் "போடவே கூடாது" என்று ஒற்றைக்காலில் நின்றார். தனியாக வரச் சொல்லி ஹெட்போனைக் கொடுத்து முதல் பாட்டிலிருந்து போட்டுவிட்டேன். விரலால் மேசையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். ஆறாவது பாட்டின் இரண்டாவது சரணத்தில் குரல் மேலே ஏறும் இடம் வரும்போது விரல் நின்றுவிட்டது, ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்த ஒரே இடத்தில் சுருதி கீழே இறங்கியிருந்தது, அன்று மேடையில் அவர் பக்கத்து மொனிட்டர் செத்துப்போய் தன் குரல் தனக்கே கேட்காமல் பாடியிருக்கிறார். வருடக்கணக்காக அந்த நாலு செக்கன்தான் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, மற்ற ஒன்பது பாட்டு நன்றாக வந்திருந்ததை அவர் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. அந்தப் பாட்டை எடுத்துவிடுவோம் என்றேன். மற்ற ஒன்பதுக்கும் சம்மதித்தார்.

இன்னொன்றும் உங்கள் பாடகருக்குச் சொல்லுங்கள். மிக்ஸரிலிருந்து நேரே எடுத்த பதிவு எந்தப் பாடகருக்கும் நியாயம் செய்யாது. ட்ரம்ஸும் கிற்றார் அம்ப்ளிஃபையரும் மேடையிலேயே காது கிழிய ஒலிப்பதால் சவுண்ட்காரர் அவற்றை மிக்ஸரில் குறைத்து வைத்து, குரலைத்தான் நன்றாக ஏற்றி வைப்பார். சனத்துக்கு எல்லாம் சமமாகக் கேட்கும். ஆனால் பதிவில் விழுவது மிக்ஸருக்குள் போனது மட்டும், அதாவது குரல் மொட்டையாக முன்னுக்கு நிற்கும், ட்ரம்ஸ் பக்கத்து வீட்டில் அடிப்பது போல இருக்கும், கைதட்டல்கூட இருக்காது. அப்படிக் கேட்டால் யாருக்கும் தன் குரல் பிடிக்காது. அவர் அந்த மூலப் பதிவைக் கேட்டுவிட்டுத்தான் வேண்டாம் என்கிறாரோ என்பது என் சந்தேகம்.

இப்போது பென் டிரைவைத் திறந்து பாருங்கள். இரண்டு மணி நேர நிகழ்ச்சி ஒரேயொரு வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாக, கிட்டத்தட்ட 1.4 ஜிபி அளவில் இருந்தால் அது வெறும் ஸ்டீரியோ, எல்லாம் ஒன்றாகக் கலந்துபோனது. எக்ஸ்32 மாதிரியான டிஜிட்டல் மிக்ஸரின் முன்பக்கத்தில் பென் டிரைவைச் செருகினால் இதுதான் கிடைக்கும். ஒவ்வொரு மைக்கும் தனித்தனிக் கோப்பாக, 32 தடங்கள், மொத்தம் 30 ஜிபியைத் தாண்டி இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், எல்லாவற்றையும் புதிதாக மிக்ஸ் செய்யலாம். அப்படிப் பதிய வழக்கமாக மிக்ஸரோடு ஒரு லப்டொப்பை இணைத்திருப்பார்கள், ஆகவே சவுண்ட்காரரிடம் இன்றே கேளுங்கள், லப்டொப்பில் இடம் போதாதென்று அழித்துவிடுமுன். ஸ்டீரியோ மட்டும்தான் என்றாலும் மனம் விடவேண்டாம். கலந்த ஒலியிலிருந்து குரலைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இப்போது நன்றாக வந்துவிட்டன. பீட்டில்ஸ் குழுவின் ஜோன் லெனன் வீட்டில் பியானோவோடு பாடி கசட்டில் பதிந்து வைத்த பாட்டு ஒன்றை மற்றவர்கள் 1990களில் முடிக்கப் பார்த்து, ஒலி சரியில்லை என்று கைவிட்டு, பிறகு குரலை மட்டும் பிரித்தெடுத்து 2023இல் பீட்டில்ஸ் பெயரிலேயே வெளியிட்டார்கள். வீடியோவும் எடுத்திருந்தால் அந்தக் கோப்புகளையும் சேர்த்து வையுங்கள். அமெரிக்கப் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் 1972இல் லொஸ் ஏஞ்சலிஸ் தேவாலயம் ஒன்றில் பாடிய இரண்டு இரவுகளின் அல்பம் அதே வருடம் வந்தது, படமோ 2018 வரை வரவில்லை. படம்பிடிக்கும்போது கிளாப் பலகை அடிக்காததால் ஒலியையும் காட்சியையும் பொருத்தவே முடியாமல் போய், பிறகு தொழில்நுட்பம் அதைத் தீர்த்தபோது அவரே வழக்குப் போட்டுத் தடுத்து, கடைசியில் அவர் இறந்த பிறகு குடும்பம் சம்மதித்துத்தான் வெளிவந்தது.

சட்டம். இலங்கையில் இதற்குரியது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். ஒரு பதிவில் மூன்று விதமான உரிமை ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கிறது. பாட்டை எழுதி மெட்டுப் போட்டவரின் பதிப்புரிமை (அவர் ஆயுளும் அதற்குப் பிறகு 70 வருடமும்), மேடையில் பாடி வாசித்த ஒவ்வொருவரின் ஆற்றுகையாளர் உரிமை (50 வருடம்), பதிவைத் தயாரித்தவரின் உரிமை. எதற்கும் பதிவு செய்து சான்றிதழ் எடுக்கத் தேவையில்லை, உருவான நேரமே உரிமை வந்துவிடும். உங்கள் பாடகர் வாயைத் திறந்து பாடிய நிமிடமே அவருக்கு அது உண்டு. பென் டிரைவ் உங்கள் கையில் இருப்பதால் பதிவு உங்களுடையது ஆகிவிடாது. சவுண்ட்காரருக்குக் கூலி கொடுத்துவிட்டோம்தானே என்று அவரையும் விட்டுவிடாதீர்கள், பதிவில் தனக்குத் தனி உரிமை எதுவும் இல்லை என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் என்ன பாட்டு வாசித்தீர்கள் என்று எழுதவில்லை. சொந்தப் பாட்டு என்றால் மேலே சொன்னதோடு சரி. இடையில் சினிமாப் பாட்டு இரண்டு மூன்று நுழைந்திருந்தால் அவற்றை முதல் வெளியீட்டில் சேர்க்கவேண்டாம் என்பது என் ஆலோசனை. யூடியூபின் தானியங்கி முறை மெட்டைக் கண்டுபிடித்து விளம்பர வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடலாம், அல்லது வீடியோவையே மறைத்துவிடலாம். 2017இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கே இளையராஜா தரப்பிலிருந்து சட்ட அறிவித்தல் போனது நமக்கெல்லாம் தெரியும், அவர் பாடிப் புகழ்பெற்ற பாட்டுகளுக்குத்தான் போனது. மட்டக்களப்புக் குழு என்பதால் போர்த்துக்கேயப் பறங்கியரின் பழைய கஃப்ரிஞ்ஞா ஆட்ட மெட்டு ஒன்றையாவது வாசித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். யார் போட்டதென்றே தெரியாத பரம்பரை மெட்டுக்கு அனுமதி கேட்க ஆள் இல்லை, அதைத் தாராளமாகப் போடலாம், மெட்டு எங்கிருந்து வந்ததென்று மட்டும் மரியாதையாகக் குறிப்பிடுங்கள். யாரோ ஒருவர் பிற்காலத்தில் புதிதாக வரி எழுதிய பைலா என்றால் அது வேறு கதை, அவரைத் தேடித்தான் ஆகவேண்டும்.

ஆக, செய்யவேண்டியது இதுதான். பாடகரிடம் ‘வெளியிடலாமா’ என்று கேட்காதீர்கள், அதற்கு அவர் பதில் சொல்லியாயிற்று. ஒரு நல்ல மிக்ஸைச் செய்து, குரலுக்குக் கொஞ்சம் அரங்க எதிரொலி கொடுத்து, ட்ரம்ஸை முன்னுக்குக் கொண்டுவந்து, அவருக்கு மட்டும் அனுப்பி, எந்தப் பாட்டு வேண்டாம், எந்த இடம் உறுத்துகிறது என்று கேளுங்கள். வட்ஸப்பில் அனுப்பினால் பாட்டைச் சுருக்கிக் கெடுத்துவிடக்கூடும், கூகுள் டிரைவில் போட்டு இணைப்பை அனுப்புங்கள், போன் ஸ்பீக்கரில் கேட்கவேண்டாம் என்றும் சொல்லுங்கள். எதை எடுப்பது என்ற கடைசிச் சொல் அவருடையதாக இருக்கட்டும். சம்மதித்தால் ஒரே பக்கத்தில் எழுதி ஐந்து பேரும் கையெழுத்திடுங்கள்: எந்தப் பாட்டுகள், எந்தத் தளங்கள், வருமானம் எப்படிப் பிரிப்பது, பிற்காலத்தில் ஒருவர் மனம் மாறினால் என்ன செய்வது. கனடாவில் இருப்பவர் அச்செடுத்துக் கையெழுத்து வைத்து ஸ்கேன் செய்து அனுப்பலாம். எல்லாம் கேட்ட பிறகும் அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஐந்து பேரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய குரல் இல்லாமல் வாத்திய இசையாக வாசித்த பகுதி ஏதும் இருந்தால் மற்ற நாலு பேரும் அதை மட்டும் வெளியிடலாம், நண்பன் என்ற முறையில் அதையும் அவருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பிரதி எடுப்பதை மட்டும் அவர் பதிலுக்காகக் காத்து வைக்கவேண்டாம். நம் பக்கத்தில் 1978 நவம்பர் சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் எத்தனை வீடுகளில் ஸ்பூல், கசட் எல்லாம் கூரையோடும் அலையோடும் போனதென்று கணக்கில்லை, கல்லடி, நாவலடிச் சனத்துக்கு நான் சொல்லத் தேவையில்லை. தப்பிய கசட்டுகளையும் வாவிக்காற்றின் ஈரம் பூஞ்சணம் பிடிக்க வைக்கிறது. பென் டிரைவ் அதைவிட மோசம், ஒருநாள் செருகினால் ஒன்றுமே காட்டாது. கோப்பை எம்பி3 ஆக்காமல் வேவ் ஆகவே இரண்டு ஹார்ட் டிஸ்கில் எடுத்து, ஒன்றைக் களுவாஞ்சிக்குடியில் வைத்து மற்றதைக் கொழும்பில் இருக்கும் உறவினர் யாரிடமாவது கொடுத்துவையுங்கள், இணையத்தில் ஒரு பிரதி தனியாக இருக்கட்டும். கோப்பின் பெயரில் திகதி, இடம், வாசித்த ஐந்து பேரின் பெயர், பாட்டு வரிசை எல்லாம் எழுதிவிடுங்கள். பழைய 2000களின் கசட்டும் யாரிடமாவது இருந்தால் அதை வீட்டு டெக்கில் போட்டு ஓட்டிப் பார்க்கவேண்டாம், நாடா சிக்கினால் போயிற்று, அப்படியே என்னிடம் கொண்டுவாருங்கள்.