போர்டிகோவில் நிற்கும் டர்போ கார்: கடன் வாங்கிப் பிரிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். கைக்கு மாதம் 82,000 ரூபாய் வருகிறது. மனைவிக்குச் சம்பளம் 30,000. மகள் எல்கேஜி. வீட்டுக் கடன் இஎம்ஐ 24,000, இன்னும் 15 வருடம் இருக்கிறது. எஸ்ஐபி 10,000. வீட்டுச் செலவு, ஸ்கூல் எல்லாம் சேர்த்து 55,000 ஆகிறது. வங்கியில் எஃப்டி 3.6 லட்சம். டேர்ம் இன்ஷூரன்ஸ் உண்டு. மெடிக்கல் பாலிசி ஆபீஸில் கொடுப்பது மட்டும்தான்.

காலேஜ் நாளிலிருந்தே ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் மீது ஆசை. நான்கு மாதம் முன்பு 2006-ல் பதிவான ஒரு கார் 2.75 லட்சத்துக்குக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். இன்னும் பெயர் மாற்றவில்லை. எஞ்சினை இறக்கி முழுதாகப் பிரித்துக் கட்டி, பெரிய டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி), ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றி சக்தியைக் கூட்டுவது), சஸ்பென்ஷன், பிரேக், பெயின்ட் என்று வீட்டிலேயே செய்யத் திட்டம். 5 லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். 14% வட்டிக்கு ஐந்து வருட பர்சனல் லோன் எடுக்கலாமா, எஃப்டியை உடைக்கலாமா, அல்லது தெரிந்தவர் நடத்தும் 5 லட்ச ரூபாய் ஏலச்சீட்டை முன்னாலேயே தள்ளி (ஏலத்தில் ஒரு தொகையை விட்டுக்கொடுத்து) எடுக்கலாமா? வேலை முடிந்ததும் 10 லட்சத்துக்காவது போகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மனைவி, "ஸ்கூல் ஃபீஸ் கட்டிட்டு மிச்சத்துல பண்ணுங்க" என்கிறார். (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: கோவையில் இருப்பவருக்கு இந்த ஆசை வருவதில் வியப்பே இல்லை. மாருதி 800 எஞ்சினை வைத்து கரிவரதன் பந்தயக் கார் கட்டிய ஊர் அது. செட்டிபாளையத்தில் அவர் பெயரிலேயே ட்ராக் இருக்கிறது. தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. நீங்களும் டிராயிங் படித்துப் பிழைப்பவர். அதனால் "இதெல்லாம் எதுக்கு, அந்தக் காசை மியூச்சுவல் ஃபண்டில் போடுங்கள்" என்று சொல்ல மாட்டேன். காரைச் செய்யுங்கள். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் மூன்று வழியும் வேண்டாம்.

முதலில் அந்த 10 லட்சத்தை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். 20 வருடப் பழைய காருக்கு அதன் ஆர்சி, அது ஓடும் நிலை, துரு பிடிக்காத பாடி இவற்றுக்குத்தான் விலை வரும். உள்ளே போட்ட பிஸ்டனுக்கும் ரீமேப்புக்கும் வாங்குபவர் பணம் தர மாட்டார். மாற்றம் செய்த டர்போ கார் என்றால் பலர் தயங்கவே செய்வார்கள். எவ்வளவு விரட்டி ஓட்டப்பட்ட வண்டியோ என்ற பயம் அவர்களுக்கு. வருமான வரிக் கணக்கிலும் சொந்த உபயோகக் கார் மூலதனச் சொத்தாக வராது. நட்டத்துக்கு விற்றால் அதை வேறு எந்த லாபத்திலும் கழிக்க முடியாது. ஆகவே இது முதலீடு இல்லை, மனசுக்குப் பிடித்த செலவு. செலவு என்று ஒப்புக்கொண்டால் அதற்கு எப்படிப் பணம் ஒதுக்குவது என்பதும் தெளிவாகிவிடும்.

இப்போது கடனைப் பார்ப்போம். 5 லட்சம், 14%, 60 மாதம் என்றால் இஎம்ஐ சுமார் 11,630 ரூபாய். கடைசியில் நீங்கள் கட்டி முடிப்பது ஏறக்குறைய 6.98 லட்சம். உங்கள் வரவு 1,12,000. அதில் இஎம்ஐ, எஸ்ஐபி, வீட்டுச் செலவு போக மிஞ்சுவது 23,000. இதில் 12,000-ஐ மாதாமாதம் ஆர்டியில் போட்டாலும் அதே அளவு பணம்தான் கையை விட்டுப் போகிறது. பிறகு எதற்கு வங்கிக்கு 1.98 லட்சம் வட்டி?

வட்டி மட்டுமே என் கவலை இல்லை. பழைய எஞ்சினைப் பிரிக்கும் வேலை நம் காலண்டருக்கு நடக்காது. ஹெட்டை (எஞ்சினின் மேல்பகுதியை) மட்டமாகச் சீவும் ஃபேசிங் வேலைக்குக் கொடுத்த பிறகுதான் அதில் விரிசல் இருப்பது தெரியும். ஒரு சின்னப் பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், ஆறு வாரம் ஆகும். அந்த ஆறு வாரமும் இஎம்ஐ ஓடிக்கொண்டே இருக்கும். ஆர்டியை ஒரு மாதம் கட்டவில்லை என்றால் போவது சிறு அபராதம். இஎம்ஐ தவறினால் சிபில் ஸ்கோரில் விழும்.

என் பெரியப்பா மகன் ஒருவர் இதே மாதிரி கடன் வாங்கி ஒரு மாருதி எஸ்டீம் காரின் எஞ்சினை இறக்கினார். போர்டிகோவில் ஒரு பழைய டயர் மேல் எஞ்சின் பிளாக், அதன் மேல் பூப்போட்ட பெட்ஷீட். போல்ட், நட்டு, வால்வு எல்லாம் பிஸ்கட் டின்களில். ஒவ்வொரு டின்னிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் எழுதி வைத்திருந்தார். ஒரு ஐப்பசி மழைச் சாரலில் மை முழுக்கக் கரைந்துவிட்டது. எது எங்கே இருந்து கழற்றியது என்று அவருக்கே தெரியவில்லை. ஹெட்டுக்கு எதிர்பாராத செலவு வந்தபோது கடன் பணம் தீர்ந்திருந்தது. நாலு வருடம் அப்படியே நின்று, கடைசியில் எடைக்குப் போனது. எடைக்குப் போட்ட பிறகும் பதினான்கு மாதம் அந்தக் கடனைக் கட்டினார். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும். உங்கள் போர்டிகோவில் அது நடக்கக் கூடாது.

அதனால் நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டமும் முடியும்போது கார் ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கான மொத்தப் பணமும் அதன் மேல் மூன்றில் ஒரு பங்கும் கணக்கில் இருந்தால்தான் ஸ்பானரைக் கையில் எடுக்க வேண்டும். எந்த மாதம் நிறுத்தினாலும் உங்களிடம் இருப்பது ஒரு காராக இருக்கும், உதிரிக் குவியலாக இருக்காது.

எஃப்டியைத் தொடாதீர்கள். இஎம்ஐ, வீட்டுச் செலவு இரண்டும் சேர்ந்து மாதம் 79,000. ஆபத்துக் காலத்துக்கு ஆறு மாதச் செலவு என்றால் 4.74 லட்சம் வேண்டும். உங்களிடம் இருப்பது 3.6. அதுவே 1.14 லட்சம் குறைகிறது. எஸ்ஐபியையும் நிறுத்த வேண்டாம்.

சீட்டு விஷயம். 25 மாதச் சீட்டை ஆரம்பத்திலேயே ஒன்றேகால் லட்சம் தள்ளி எடுத்தால் கைக்கு வருவது 3.75 லட்சம்தான். அப்புறம் மாதம் 20,000-ல் கசர் (தள்ளிய தொகையில் உங்களுக்கு வரும் பங்கு) கழித்துக் கட்டிக்கொண்டே வரவேண்டும். உங்கள் மிச்சமே 23,000. தெரிந்தவர் என்கிறீர்கள், 1982-ம் வருடச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு செய்த சீட்டா என்று எழுதவில்லை. பதிவு இல்லாத சீட்டில் எவ்வளவு நல்ல மனிதர் நடத்தினாலும் சேர வேண்டாம்.

சரி, அந்த 23,000-ஐ எப்படிப் பிரிப்பது? 2,000-ஐ ஒதுக்கி, குடும்பத்துக்குத் தனியாக ஒரு ஃப்ளோட்டர் (எல்லோருக்கும் சேர்த்து ஒரே தொகை) மெடிக்கல் பாலிசி எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மெடிக்கல் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை. வேலை மாறினால் ஆபீஸ் பாலிசி உங்களோடு வராது என்பதை மறக்க வேண்டாம். 9,500 எஃப்டி பள்ளத்தை நிரப்பட்டும். சரியாகப் பன்னிரண்டு மாதத்தில் 1.14 லட்சம் நிறைந்துவிடும். மீதி 11,500-ல் 10,000 காருக்கு, 1,500 கையில் இருக்கட்டும். ஒரு வருடம் கழித்து 9,500-ம் காருக்குத் திரும்பும்போது மாதம் 19,500 ஆகிறது. வட்டியைச் சேர்க்காமலே முதல் வருடம் 1.2 லட்சம், அடுத்த இருபது மாதத்தில் 3.9 லட்சம். அதாவது 32 மாதத்தில் உங்கள் 5 லட்சம் வந்துவிடும். கடன் என்றால் 60 மாதம். காருக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து, அதன் பாஸ்புக்கை மனைவியும் பார்க்கும்படி வையுங்கள். அவர் கேட்டது இதைத்தானே.

இனி கார். ஒரு போல்ட்டைக் கழற்றும் முன்னால் பெயர் மாற்றுங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் பழைய உரிமையாளர் கையெழுத்து வேண்டும். அவர் ஊர் மாறினாலோ அவருக்கு ஏதாவது ஆனாலோ நீங்கள் அலையோ அலை என்று அலைய வேண்டிவரும். இப்போது நீங்கள் செலவு செய்யப் போவது காகிதத்தில் வேறொருவருடைய காருக்கு. அடுத்தது ஆர்சி. 2006-ல் பதிவானது, 15 வருடம் முடிந்து 2021-ல் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருப்பார்கள்; அது 2026-ல் முடிகிறது. 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி. வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், ஆகவே அந்த நேரத்தில் எஞ்சின் கீழே இருக்கக் கூடாது. இன்ஷூரன்ஸும் பாருங்கள். எஞ்சின் 1,781 சிசி. 1,500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு 2022-ல் நிர்ணயித்த தேர்ட் பார்ட்டி பிரீமியம் 7,897, ஜிஎஸ்டி சேர்த்தால் 9,300 தாண்டும். இது எதுவும் உங்கள் 5 லட்சப் பட்டியலில் இல்லை. கிளட்ச், எஞ்சின் மவுண்டிங், பேக்கிங் செட், டயர், டார்க் ரென்ச், செயின் பிளாக் வாடகை இவையும் இல்லை.

பிரிப்பதற்கு முன் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று அளப்பது) எடுங்கள். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகக் காட்டி, புகையும் இல்லை, ஆயிலும் குடிக்கவில்லை என்றால் அந்த எஞ்சினை இறக்க ஒரு காரணமும் இல்லை. உங்கள் பட்டியலில் பெரிய தொகை ஒன்று அங்கேயே மறைந்துவிடும்.

டெஸ்ட் நன்றாக வந்தாலும் வால்வுகளையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டை உடனே மாற்றுங்கள். எப்போது மாற்றியது என்று பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த 1.8 டர்போவில் சிலிண்டருக்கு ஐந்து வால்வு, மொத்தம் இருபது. ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வுகளை அடித்து வளைத்துவிடும். டென்ஷனர், வாட்டர் பம்ப் இரண்டையும் கூடவே மாற்றிவிடுங்கள். பழைய பம்புகளில் உள்ளே சுழலும் இறக்கை பிளாஸ்டிக், அது உடைந்து எஞ்சின் சூடேறிய கதைகள் நிறைய. பம்ப் கம்பெனிக்காரரான உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இதோடு பெட்ரோல் ஹோஸ்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். 2006-ல் போட்ட ரப்பர் அதற்காகச் செய்தது அல்ல. சூடான டர்போவுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பிரேக் ஹோஸ், பிரேக் ஆயில், டயர். இவ்வளவும் முதல் கட்டம். பெரும்பாலும் வீட்டிலேயே செய்யக்கூடியது. ஜாக் மேல் மட்டும் காரை நிறுத்தி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வாங்குங்கள்.

இரண்டாவது கட்டம் புஷ், லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர், டர்போவைச் சரிபார்ப்பது. இந்த எஞ்சின் ஆடி டிடி, கோல்ஃப், பசாட் என ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பல கார்களில் இருந்தது, அதனால் எஞ்சின் பாகங்கள் கிடைத்துவிடும். ஆர்எஸ்ஸுக்கே உரிய பம்பர், சீட் போன்றவைதான் அபூர்வம், உள்ளதைப் பத்திரப்படுத்துங்கள். சென்னை புதுப்பேட்டையில் வாங்குவதாக இருந்தால் பில் இல்லாமல் எதையும் தொடாதீர்கள், எஞ்சின் பிளாக்கை முக்கியமாக. அதில் அடித்திருக்கும் நம்பர் உங்கள் ஆர்சியில் இருக்கும் நம்பர் ஆகாது.

பெரிய டர்போவை நான் வேண்டாம் என்பேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று இருக்கிறது. பணக் கணக்கில் இதைவிடப் பெரியது இன்ஷூரன்ஸ். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி க்ளெய்மை மறுக்கலாம். ட்ராக்கில் ஓட்டுவதற்குச் சாதாரண பாலிசி எப்போதும் பொருந்தாது. ரீமேப் ஆசை விடவில்லை என்றால், எல்லாக் கட்டமும் முடிந்த பிறகு பாலிசி கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 150 குதிரைத்திறனும் முழுதாகத் திரும்பக் கிடைத்த ஆக்டேவியாவை பாலக்காடு ரோட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் அந்த ஆசையே போனாலும் போகலாம்.

பெயின்ட் கடைசி. நிறத்தை மாற்றினால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும், அதே நிறத்தில் அடித்தால் அந்த வேலையும் இல்லை.

இந்த வாரம் படிவம் 29, 30. அடுத்த வாரம் கம்ப்ரஷன் டெஸ்ட். நாலு சிலிண்டர் அளவையும் எழுதி அனுப்புங்கள். எஞ்சினை இறக்குவதற்குத் தனியாகப் பணம் சேர்க்க வேண்டுமா என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.