மருத்துவ அறிக்கையில் ‘வளர்ச்சித் தாமதம்’ என்றிருந்தால் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: எனக்கு 43 வயது, மனைவிக்கு 39. இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். சிறப்புத் தேவையுள்ள 3 வயதுக் குழந்தையைக் மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காரா மூலம் தத்தெடுக்க விரும்புகிறோம். குழந்தையின் மருத்துவ அறிக்கையில் ‘வளர்ச்சித் தாமதம்’ என்று மட்டுமே இருக்கிறது. சம்மதம் சொல்லிவிடலாமா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: தகுதியில் சிக்கல் இல்லை. 2022 தத்தெடுப்பு விதிமுறைகள், ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ளவர்களுக்குச் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளையும், எளிதில் பெற்றோர் அமையாத குழந்தைகளையும் தத்தெடுக்க இடம் தருகின்றன. 2 முதல் 4 வயதுக் குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 90ஐத் தாண்டக் கூடாது, உங்களுடையது 82. சமூகப் பணியாளர் உங்கள் குடும்பச் சூழலை விசாரிக்கும் வீட்டாய்வின்போது, 5 வயது கடந்த உங்கள் பிள்ளைகளின் சம்மதத்தையும் கேட்பார்கள்.

ஆனால் அந்த ஒற்றை வரியை நம்பிச் சம்மதம் சொல்லாதீர்கள். வளர்ச்சித் தாமதம் என்பது அறிகுறிதான். காரணம் குறைப்பிரசவமாக இருக்கலாம், காது கேளாமை, தைராய்டு குறைபாடு, மூளைவாதம் (செரிபரல் பால்சி) என எதுவாகவும் இருக்கலாம். காப்பகத்தில் பேசிக் கொஞ்ச ஆள் இல்லாததாலேயே பின்தங்கிய குழந்தைகளும் உண்டு. அவர்களில் பலர் வீட்டுக்கு வந்தபின் வேகமாகத் தேறுவார்கள்.

காரணத்தைப் பிரித்தறிய, தத்தெடுப்பு நிறுவனத்திடம் இவற்றைக் கேளுங்கள்: பிறந்த எடை, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, வலிப்பு வந்திருக்கிறதா, பெரா எனப்படும் செவித்திறன் பரிசோதனை, கண் பரிசோதனை, டிஎஸ்ஹெச் எனப்படும் தைராய்டு ரத்தப் பரிசோதனை, எடுத்திருந்தால் மூளையின் எம்ஆர்ஐ ஸ்கேன். இவை எல்லாவற்றையும்விட முக்கியம் தலைச்சுற்றளவு. ஒரு நாள் அளவு போதாது. வெவ்வேறு மாதங்களில் எடுத்தவை வேண்டும். தலை வளர்ச்சி வரைபடத்தில் கோடு சீராகப் போனால் ஓரளவு நம்பிக்கை. வரவர கீழிறங்கினால் நரம்பியல் நிபுணரைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். உட்கார்ந்தது, நடந்தது, முதல் சொல் ஆகியவற்றின் மாதங்களையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நம்பும் குழந்தை நல மருத்துவரிடம் அறிக்கையைக் காட்ட விதிமுறையே அனுமதிக்கிறது. அவரிடம் “ஐக்யூ எவ்வளவு வரும்?” என்று கேட்காதீர்கள். 5 வயதுக்குமுன் அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

தத்து உத்தரவு வரும் முன்பே, தத்துக்கு முந்தைய பராமரிப்பு என்ற பெயரில் குழந்தையை உங்களிடம் தரும்போது ஸ்கேன் படங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை ஆகியவற்றையும் வாங்கிவிடுங்கள். தத்து உத்தரவை இப்போது கோர்ட் அல்ல, மாவட்ட ஆட்சியர்தான் தருகிறார்; அதுவரை காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்கான அரசின் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்தில் பயிற்சியைத் தொடங்கலாம். காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்பே எழுதிக் கேளுங்கள்: தனிநபர் பாலிசிகளில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்பு இருக்கலாம்.

பலரும் கேட்க மறப்பது அன்றாட விஷயங்களை. மசித்த சாதம்தான் இறங்குமா, மென்று சாப்பிடுமா, எப்படித் தூங்க வைப்பார்கள் என்று குழந்தையைத் தூக்கி வளர்த்த ஆயாவிடமே கேளுங்கள். வலிப்பு மருந்து கொடுத்துவந்தால் பெயர், அளவு, நேரம் மூன்றையும் எழுதி வாங்கி, ஒரு மாதத்துக்கான மருந்தைக் கையோடு எடுத்து வாருங்கள். ஊர் மாறும் அலைச்சலில் இரண்டு வேளை தவறினாலே வலிப்பு திரும்பக்கூடும்.