மாதம் 640 டாலர் பங்கீடா, 1,800 டாலர் பிரீமியமா?

கேள்வி: டாலஸ் பக்கம் இருக்கிறோம், கிரீன் கார்டு உண்டு. கணவர் வேலையை விட்டுச் சொந்தமாக கன்சல்டிங் தொடங்கியிருக்கிறார். செலவு போக ஆண்டுக்கு 1,35,000 டாலர் லாபம் வரும் என்று எதிர்பார்க்கிறோம். எனக்கு வருமானம் இல்லை. பிள்ளைகள் இருவர். எனக்கு நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. அரசின் காப்பீட்டுச் சந்தையான மார்க்கெட்ப்ளேஸில் குடும்பத்துக்கு சில்வர் திட்டம் மாதம் 1,800 டாலர் காட்டுகிறது. சர்ச்சில் சிலர், ஒருவர் மருத்துவ பில்லை மற்ற உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்ளும் கிறிஸ்தவ மருத்துவப் பங்கீட்டில் சேர்ந்தால் 640 டாலர்தான் ஆகும் என்கிறார்கள். காப்பீட்டை விட்டுவிட்டு அதில் சேரலாமா?

பதில்: உங்கள் நிலையில் வேண்டாம். சர்க்கரை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், 1,800 டாலர் என்பது நீங்கள் கட்ட வேண்டிய விலையே இல்லை. அதிலிருந்தே தொடங்குவோம்.

மார்க்கெட்ப்ளேஸ் பிரீமியத்துக்கு அரசு மானியம் தருகிறது. 2021இல் வந்த கூடுதல் மானியம் 2025 இறுதிவரைக்குமானது. அது இல்லாத நிலையில், வறுமைக் கோட்டின் நான்கு மடங்குக்கு மேல் வருமானம் போனால் ஒரு டாலர்கூட மானியம் கிடையாது. நால்வர் குடும்பத்துக்கு 2026ஆம் ஆண்டுத் திட்டங்களுக்கான அந்த எல்லை 1,28,600 டாலர். 1,35,000 வருகிறது, நமக்குக் கிடைக்காது என்று நீங்கள் முழு விலையைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் மானியத்துக்குப் பார்ப்பது தொழில் லாபத்தை அல்ல, வரிப் படிவத்தில் சில கழிவுகள் போன பிறகு நிற்கும் வருமானத்தை. சுயதொழில் வரியில் பாதி அப்படிக் கழியும்: 1,35,000 டாலர் லாபத்துக்கு அது சுமார் 9,540. ஆக, நீங்கள் 1,25,460இல் இருக்கிறீர்கள், எல்லைக்குள். கட்டும் பிரீமியமும் சுயதொழில் செய்பவருக்குக் கழிவு என்பதால் வருமானம் இன்னும் இறங்கும். பிரீமியம் குறைந்தால் கழிவு குறையும், கழிவு குறைந்தால் மானியம் மாறும் என்று கணக்கு சுற்றிச் சுற்றி வரும். வரி மென்பொருள் அதைப் பார்த்துக்கொள்ளும். முடிவில் வருமானம் ஏறத்தாழ 1,14,000 டாலரில் வந்து நிற்கும்.

2026இல் இந்த வருமானத்துக்கு, மானியத்துக்கு அளவுகோலாக எடுக்கும், ஊரில் இரண்டாவது விலை குறைந்த சில்வர் திட்டத்துக்கு நீங்கள் தர வேண்டியது வருமானத்தில் 9.96 சதவீதம். அதாவது ஆண்டுக்கு சுமார் 11,400, மாதம் 950 டாலர். நீங்கள் பார்த்த 1,800 டாலர் திட்டம் அதுதான் என்று வைத்துக்கொண்டால், மீதி 850 டாலர் மானியம். நீங்கள் கட்டுகிற 11,400க்கும் வரிக் கழிவு உண்டு. 12 சதவீத வரிப் படிநிலையில் 1,360 டாலர் போலத் திரும்பி வரும். பங்கீட்டுத் தொகைக்கு இந்தக் கழிவு கிடையாது. அதைக் காப்பீட்டுச் செலவு போலக் கருத 2020இல் வரித்துறை ஒரு வரைவு விதி வெளியிட்டது, அது வரைவோடு நின்றது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால், மாதம் 1,160 டாலர் என்று தெரிந்த வித்தியாசம் 200 டாலருக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அந்த 200 டாலர் மிச்சத்துக்காக எதையெல்லாம் விடுகிறீர்கள் என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. 2026 வரியாண்டு முதல், அதிகமாக வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கட்டுவதற்கு உச்சவரம்பு இல்லை. ஆண்டுக் கடைசியில் ஒரு புது கிளையன்ட் வந்து வருமானம் 1,28,600ஐத் தாண்டினால், வாங்கிய மொத்தத்தையும் ஏப்ரலில் கட்ட வேண்டும். நெருங்குவது தெரிந்தால் ஓய்வூதியக் கணக்கில் போட்டு வருமானத்தை இறக்குங்கள். செப் ஐஆர்ஏ கணக்கில் வரி தாக்கல் செய்யும் நாள்வரை போடலாம்.

சரி, பங்கீடு என்பது என்ன? ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து’ என்ற பைபிளின் கலாத்தியர் 6ஆம் அதிகார வசனத்தை அடிப்படையாகச் சொல்லி 1980களிலும் 90களிலும் அமெரிக்காவில் வளர்ந்த ஏற்பாடு. ஒஹாயோவின் கிறிஸ்டியன் ஹெல்த்கேர் மினிஸ்ட்ரீஸ், இலினாய் மாநிலம் பியோரியாவின் சமாரிட்டன் மினிஸ்ட்ரீஸ், ஃபுளோரிடாவின் மெடி-ஷேர் ஆகியவை பழையவை. பணம் நகரும் விதம் ஒவ்வொன்றிலும் வேறு. சமாரிட்டனில் உறுப்பினர் நேராக இன்னொரு உறுப்பினருக்கு அனுப்புகிறார். மெடி-ஷேரில் உறுப்பினர்களின் கணக்குகளுக்கு இடையே மாறுகிறது. ஒஹாயோ அமைப்பில் மைய அலுவலகத்துக்குப் போய் அங்கிருந்து வருகிறது. முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகைக்கு ஒவ்வொருவரும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். டிடக்டிபிள் என்ற சொல்லைத் தவிர்ப்பார்கள், ஏனென்றால் இது காப்பீடு இல்லை.

காப்பீடு இல்லை என்பது வெறும் சட்டச் சொல்லாடல் அல்ல. பில்லைத் தருவதாக யாரும் உங்களுக்கு ஒப்பந்தம் எழுதித் தருவதில்லை. டெக்சாஸ் சட்டம் இவற்றைக் காப்பீட்டு விதிகளிலிருந்து விலக்கி வைத்து, ‘இது காப்பீட்டு நிறுவனம் அல்ல’ என்று அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. எனவே பில்லை மறுத்தால் மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் முறையிட வழியில்லை. அமைப்பின் உள்முறையீடும், சிலவற்றில் சமரசத் தீர்ப்பும்தான். அமைப்பு மூழ்கினால் கைகொடுக்க உத்தரவாத நிதியும் இல்லை. சர்ச்சில் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. பிரசவம், எலும்பு முறிவு, குடல்வால் அறுவை போன்ற தெளிவான பில்களைப் பழைய அமைப்புகள் பெரும்பாலும் பகிர்ந்துகொள்கின்றன. சிக்கல் வருவது தெளிவில்லாத பில்லில்.

உங்கள் சர்க்கரை அங்கேதான் வருகிறது. மெட்ஃபார்மின் பெரிய செலவே இல்லை, வால்மார்ட்டில் 30 நாள் மாத்திரை 4 டாலருக்குக் கிடைக்கும். ஆறு ஆண்டு கழித்து மாரடைப்பு வந்தால், சிறுநீரகம் பழுதானால், காலில் புண் ஆறாமல் போனால், அது முன்பே இருந்த நோயின் தொடர்ச்சியா, புது நோயா? தீர்மானிப்பவர்கள் அமைப்பினர். முன்பே இருந்த நோய்க்கு ஒவ்வொருவரிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. சிலர் அறிகுறியும் சிகிச்சையும் இல்லாமல் ஓராண்டு இருந்தால் ஏற்பார்கள், இதயம், புற்றுநோய் என்றால் ஐந்தாண்டு கேட்பார்கள். சிலர் அந்த நோய்க்குப் பகிரும் தொகையின் வரம்பை ஆண்டுக்கு ஆண்டு உயர்த்துவார்கள். தினமும் மாத்திரை போடுகிறவருக்கு ‘சிகிச்சை இல்லாத காலம்’ என்று ஒன்று வரப்போவதே இல்லை. காப்பீட்டில் இந்தக் கேள்வியே எழாது. முன்நோயைக் காட்டி மறுக்க முடியாது, நெட்வொர்க்குக்குள் உங்கள் கைச்செலவுக்கும் உச்சவரம்பு உண்டு (2025இல் குடும்பத்துக்கு 18,400 டாலர்).

பிற விதிவிலக்குகள்: மனநலச் சிகிச்சையும் வழக்கமான தடுப்புப் பரிசோதனைகளும் பலவற்றில் இல்லை. தொடர் மருந்துக்குக் கால வரம்பு உண்டு. சேர்ந்த பிறகு உண்டான கருவுக்குத்தான் பிரசவச் செலவு. புகையிலை கூடாது. சர்ச்சுக்குத் தவறாமல் போவதற்குச் சில அமைப்புகள் பாஸ்டரின் உறுதியைக் கேட்கும்.

பாதி வழி ஒன்றும் உங்கள் மனதில் இருக்கும்: நான் மட்டும் காப்பீட்டில், கணவரும் பிள்ளைகளும் பங்கீட்டில். இது கணக்கில் தோற்கும். மானியம் கணக்கிடும்போது சேர்கிறவர்களின் பிரீமியத்தை மட்டும் எடுப்பார்கள், ஆனால் நீங்கள் தர வேண்டிய மாதம் 950 குடும்ப வருமானத்தை வைத்து அப்படியே நிற்கும். உங்கள் ஒருவருக்கான சில்வர் 600 டாலர் என்றால், அது 950க்குக் கீழே, மானியம் பூஜ்யம். 600ஐ முழுதாகக் கட்டி, மேலே மூவருக்குப் பங்கீடும் கட்டினால், நால்வரும் காப்பீட்டில் இருப்பதைவிடக் கூடவே ஆகலாம்.

செலவைக் குறைக்க வேண்டும் என்றால் ப்ரான்ஸ் திட்டத்தைப் பாருங்கள். அந்த 850 டாலர் மானியம் ப்ரான்ஸுக்கும் பொருந்தும். ப்ரான்ஸ் 1,400 என்றால் நீங்கள் கட்டுவது 550, பங்கீட்டைவிடக் குறைவு. 2026 முதல் மார்க்கெட்ப்ளேஸ் ப்ரான்ஸ் திட்டங்கள் எல்லாவற்றுடனும் ஹெச்எஸ்ஏ எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கு வைக்கலாம். குடும்பத்துக்கு ஆண்டு உச்சம் 8,750 டாலர், அதுவும் மானியத்துக்கான வருமானத்தை இறக்கும். பங்கீட்டில் மட்டும் இருப்பவர் ஹெச்எஸ்ஏவில் பணம் போட முடியாது. ப்ரான்ஸில் டிடக்டிபிள் பெரிது, உங்கள் ரத்தப் பரிசோதனைகளும் கண் பரிசோதனையும் பெரும்பாலும் கைக்காசுதான். அதை அந்தக் கணக்கிலிருந்து கொடுங்கள்.

வருமானம் எல்லையை வெகுவாகத் தாண்டி, வீட்டில் யாருக்கும் நோய் இல்லாமல், ஒரு லட்சம் டாலர் பில்லில் பாதி தங்கிப்போனாலும் சமாளிக்கக்கூடிய குடும்பத்துக்குப் பங்கீடு பொருந்தலாம். அப்படி உங்கள் நண்பர்கள் யாராவது சேர்வதானால், பார்க்க வேண்டியது விளம்பரத்தை அல்ல. காப்பீடு இல்லாதவருக்கான அபராதத்திலிருந்து 2010 காப்பீட்டுச் சட்டம் விலக்குத் தருவது 1999 டிசம்பர் 31 முதல் தொடர்ந்து இயங்கும், ஆண்டுதோறும் வெளித் தணிக்கை செய்து கேட்பவருக்குத் தரும் அமைப்புகளின் உறுப்பினர்களுக்கு. அந்தக் கூட்டாட்சி அபராதம் 2019 முதல் பூஜ்யமாகிவிட்டது, ஆனாலும் வடிகட்ட அந்த அளவுகோல் நல்லது. தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். வந்த பணத்தில் எத்தனை பங்கு பில்லுக்குப் போனது என்று பாருங்கள். தனிநபர் காப்பீட்டில் சட்டப்படி 80 சதவீதமாவது மருத்துவத்துக்குப் போயாக வேண்டும். 2018இல் முளைத்த டிரினிட்டி ஹெல்த்ஷேர், பின்னாளில் ஷேரிட்டி, 2021 ஜூலையில் திவால் மனு போட்டது. அதை நடத்திய அலியேரா நிறுவனத்தின் மீது கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல் 2022 ஜனவரியில் போட்ட வழக்கில், உறுப்பினர் தந்த ஒவ்வொரு டாலரிலும் 16 சென்ட் அளவுக்கே மருத்துவச் செலவுக்குப் போனது என்று குற்றம்சாட்டினார்.

சேர்ந்துவிட்டவர்கள் மருத்துவமனையில் ‘செல்ஃப் பே’ (காப்பீடு இல்லாமல் தானே கட்டுபவர்) என்றே சொல்ல வேண்டும். திட்டமிட்ட சிகிச்சைக்கு எழுத்தில் மதிப்பீடு கேட்கும் உரிமை 2022 முதல் உண்டு. பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால், பில் வந்த 120 நாளுக்குள் தகராறு எழுப்பலாம். வரிவரியாகப் பிரித்த பில்லை வாங்கிய பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள். லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் நிதியுதவி விண்ணப்பத்தை முதல் பில்லிலிருந்து 240 நாள்வரை ஏற்க வேண்டும், பங்கீட்டு அமைப்புகளில் சில அதை முதலில் போடச் சொல்லும். பங்கீட்டுப் பணம் வரப் பல மாதம் ஆகலாம். அதற்குள் பில் வசூல் ஏஜென்சிக்குப் போகாமல் இருக்க, மருத்துவமனையோடு தவணை ஏற்பாட்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தேதி. பங்கீட்டு உறுப்பினர் நிலையை இழப்பது காப்பீட்டை இழந்ததாகக் கணக்கில் வராது, நடு ஆண்டில் மார்க்கெட்ப்ளேஸுக்குத் திரும்பும் சிறப்புக் காலமும் கிடைக்காது. அடுத்த நவம்பர் 1 வரை காத்திருந்து, டிசம்பர் 15க்குள் பதிந்தால் ஜனவரி 1இல்தான் காப்பீடு தொடங்கும். உங்கள் கணவருக்குப் பழைய வேலையின் காப்பீடு நின்ற நாளிலிருந்து 60 நாள் சிறப்புக் காலம் ஓடிக்கொண்டிருக்கும். அது முடிவதற்குள் ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில் 1,35,000க்குப் பதிலாகக் கழிவு போன வருமானத்தைப் போட்டு மறுபடி விலை பாருங்கள்.