டிக்கியில் ஒரு சக்கர நாற்காலி

கேள்வி: வணக்கம் அண்ணா. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமனார் என ஐந்து பேர். மாமனாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி, மாதம் இரண்டு முறை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறோம். மடக்குகிற சக்கர நாற்காலி எப்போதும் கூடவே வரும். மற்ற நாளில் பள்ளிக்கூடம், ஆபீஸ் என்று 18 கிலோமீட்டர். கணவர் செடான்தான் வேண்டும் என்கிறார். ஹோண்டா சிட்டி பெட்ரோல் ஆட்டோமேடிக் வாங்கலாமா, அதே சிட்டியில் பெட்ரோல் என்ஜினோடு கரண்ட் மோட்டாரும் உள்ள ஹைபிரிட்டா, இல்லை சொந்தக்காரர் தருவதாகச் சொல்லும் 2018 மாடல் டீசல் செடானா? ஹைபிரிட்டுக்கும் பெட்ரோலுக்கும் ஆன்ரோடு விலையில் 3.8 லட்சம் வித்தியாசம் வருகிறது.
- வாசகி, ஈரோடு

பதில்: சகோதரி, பெட்ரோலே வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி ஓட்டம் வருடத்துக்கு 4,800 கிலோமீட்டர். தினசரி ஓட்டம் 5,400. பண்டிகைக்கு ஊர் போவதையும் சேர்த்தால் 11,000 என்று வைத்துக்கொள்ளலாம். வண்டிகளைச் சோதித்து மைலேஜ் சொல்லும் ஏஆர்ஏஐ அமைப்பின் சான்றில் பெட்ரோல் ஆட்டோமேடிக்குக்கு லிட்டருக்கு 18.4 கிலோமீட்டர், ஹைபிரிட்டுக்கு 2022-ல் வந்தபோது 26.5. சாலையில் அவ்வளவு கிடைக்காது. என் பட்டறைக்கு வருகிறவர்கள் சொல்வதை வைத்து பெட்ரோலுக்கு 13, ஹைபிரிட்டுக்கு 20 என்று போடுகிறேன். லிட்டர் 100 ரூபாய் என்றால் பெட்ரோல் வண்டிக்கு வருடம் 84,600 ரூபாய், ஹைபிரிட்டுக்கு 55,000. மிச்சம் முப்பதாயிரத்துக்குள். அதிகமாகக் கொடுத்த 3.8 லட்சத்தை எடுக்கவே பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிடும். வரியிலும் சலுகை இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த இரண்டுக்குமே 40 சதவீத ஜிஎஸ்டிதான்.

ஹைபிரிட் மோசமான வண்டி என்று சொல்லவில்லை. சென்னை நெரிசலில் வருடம் 25,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் கேட்டிருந்தால் அதையே வாங்கச் சொல்லியிருப்பேன். டவுனுக்குள் மோட்டார்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது. என்ஜின் பெரும்பாலும் கரண்ட் எடுக்க மட்டும் ஓடும். பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியும் பேட்டரிக்குப் போய்விடும். பைபாஸில் ஒரே வேகத்தில் போனால் என்ஜினே நேராகச் சக்கரத்தை இழுக்கும். அங்கே மைலேஜ் வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. உங்கள் ஓட்டத்தில் பாதி அவிநாசி வழி பைபாஸ். பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி உண்டு, அதில் எனக்குப் பயமில்லை. டிக்கிதான் யோசிக்க வைக்கிறது. பெட்ரோல் சிட்டியில் 506 லிட்டர், ஹைபிரிட்டில் 306. மீதி இடத்தைப் பேட்டரி எடுத்துக்கொண்டது. போன மாதம் பட்டறைக்கு வந்த ஒரு ஹைபிரிட்டில், எங்கள் வீட்டுச் சக்கர நாற்காலியை மடக்கி வைத்துப் பார்த்தேன். படுக்க வைத்தால் உள்ளே போகிறது. அதன்மேல் ஒரு துணிப்பை வைக்கலாம், சூட்கேஸ் வைத்தால் மூடி மூடவில்லை.

அப்புறம் டீசல். புதிதாக வாங்க இந்த விலையில் டீசல் செடானே இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற கடுமையான புகை விதி வந்தபோது மாருதி டீசலை விட்டது. 2023-ல் ஹோண்டாவும் விட்டது, ஹூண்டாய் வெர்னாவும் டீசல் இல்லாமல் வந்தது. புகையைச் சுத்தம் செய்கிற சாமான்களின் விலை இந்த அளவு வண்டிக்குக் கட்டுபடியாகவில்லை. சொந்தக்காரரின் 2018 வண்டி அதற்கு முந்தைய பிஎஸ்4 விதிப்படி வந்தது. நல்ல வண்டியாகவே இருக்கலாம். ஆனால் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் ஒன்று போனாலே செலவு ஐந்து இலக்கத்தில் நிற்கும், அது நாலு இருக்கிறது. அப்படியும் ஆசை இருந்தால் காலையில், யாரும் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் போங்கள். பானெட்டைத் தொட்டுப் பார்த்து, ஜில்லென்று இருந்தால் மட்டும் ஸ்டார்ட் போடச் சொல்லுங்கள். சூடேறியதும், என்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியை ஒரு மெக்கானிக்கை விட்டுத் திறக்கச் சொல்லுங்கள். இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி புகை குப்குப்பென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. வாங்கவே வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் மாமனாரை ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள், நாற்காலியோடு. முன் இருக்கையில் மூன்று தடவை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். செடானில் இருக்கை தாழ்வு; உட்காருவது சுலபம், எழும்போதுதான் முழங்கால் வலிக்கும். அவர் கதவைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு எழுந்தால், செடான் ஆசையை விட்டுவிட்டு இருக்கை உயரமான வண்டியைப் பாருங்கள். கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கேள்வி: 2021 டீசல் செடான் வைத்திருக்கிறேன். தினம் 6 கிலோமீட்டர்தான் ஓட்டம். ஆயில் குறைவதற்குப் பதில் ஏறுகிறது. சர்வீஸில் கேட்டால் பரவாயில்லை என்கிறார்கள்.
- வாசகர், கும்பகோணம்

பதில்: பரவாயில்லை என்று விடாதீர்கள் தம்பி. ஆயில் அளக்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். மேல் கோட்டைத் தாண்டி, தண்ணியாக வழிந்து, முகர்ந்தால் டீசல் வாசனை வருகிறதா? அப்படியென்றால் ஆயிலில் டீசல் கலக்கிறது. புகைக்குழாயில் உள்ள டிபிஎஃப் என்ற வடிகட்டி கரியைப் பிடித்து வைத்து, நிறைந்ததும் எரித்துவிடும். எரிக்க வேண்டிய சூட்டுக்காக என்ஜின் கூடுதல் டீசலைப் பீச்சும். பாதியில் நீங்கள் வண்டியை அணைத்துவிடுகிறீர்கள். பீச்சியதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் ஒட்டி ஆயிலில் இறங்குகிறது.

ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றுங்கள். பழைய ஆயில் நீர்த்துப்போய், என்ஜினுக்குக் காற்றைத் திணிக்கும் டர்போவைக் காக்காது. டிபிஎஃப் வண்டிக்கென்று கையேட்டில் போட்டிருக்கும் ஆயிலையே கேட்டு வாங்குங்கள். வாரம் ஒரு நாள் தஞ்சாவூர் ரோட்டில் அரைமணி நேரம், வேகம் குறையாமல், நடுவில் அணைக்காமல் ஓட்டுங்கள். ஒரு மாதம் கழித்து டிப்ஸ்டிக் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள்.