அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே ஹாட் ராட் கட்டலாமா? அம்பாசிடரில் தொடங்கலாமா?

கேள்வி இதுதான்: கேரளத்தில், பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் வீடு, பின்னால் ஷெட், ஓடாமல் நிற்கும் அம்பாசிடர் ஒன்று, கேட்டு கிரில் வெல்டிங் தெரிந்த அப்பா. கூரையை வெட்டித் தாழ்த்தி, மட்கார்டைக் கழற்றி ஹாட் ராட், அதாவது வேகத்துக்கும் தோற்றத்துக்கும் வெட்டி மாற்றிய பழைய கார், ஆக்க முடியுமா?

அம்பாசிடரை விட்டுவிடுங்கள். அப்பாவின் வெல்டிங் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி. அமெரிக்காவில் ஹாட் ராட் ஆட்கள் விழுந்து விழுந்து தேடிய 1932 ஃபோர்டில், கீழே தனி சேஸிஸ் (இரும்பு அடிச்சட்டம்), மேலே போல்ட் போட்ட பாடி. பாடியை எப்படி வெட்டினாலும் பாரத்தைச் சேஸிஸ் தாங்கும். அம்பாசிடருக்கு அப்படித் தனிச் சேஸிஸ் கிடையாது. கூரை, தூண், தரை எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் எலும்பு. கூரையை வெட்டினால் நடு வளைந்து, முதலில் கதவு சாத்தாது. பிறகு தரைத் தகடு கிழியத் தொடங்கும்.

உங்கள் ஊரில் இருந்துகொண்டு இதற்கு அலைய வேண்டியதில்லை. நெம்மாறை, நெல்லியாம்பதி பக்கம் பழைய மஹிந்திரா ஜீப் கிடைக்கும். தனி சேஸிஸ், கழற்றக்கூடிய பாடி, மடக்கக்கூடிய கண்ணாடி. பொள்ளாச்சிப் பக்கம் டிஎன் (தமிழ்நாட்டு) பதிவு வண்டி வாங்கினால் அங்குள்ள ஆர்டிஓவிலிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கிய பிறகே பணத்தை முழுசாகக் கொடுங்கள்.

ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்சி புத்தகத்தை எடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அளவு விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஞ்சின் மாற்றுவதானால் ஆர்டிஓ ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும், முடித்துவிட்டுப் போய் நிற்கக் கூடாது. 50 வருடம் தாண்டிய ஜீப் என்றால் இன்னொன்றும் யோசியுங்கள்: 2021 விதிகளில் வந்த வின்டேஜ் பதிவு, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான். வெட்டினால் அந்த வழி அடைபடும். ஆகவே ரோட்டில் ஓட்டும் எண்ணம் இருந்தால் சேஸிஸ், எஞ்சின் வகை, வீல்பேஸ் (முன், பின் சக்கர இடைவெளி) மூன்றையும் தொடாமல், நிறம், சீட், டயல், வயரிங் ஆகியவற்றில் உங்கள் கைவரிசையைக் காட்டுங்கள். சேஸிஸ் நம்பர் மேல் கிரைண்டர், பட்டி, பெயிண்ட் எதுவும் படக் கூடாது.

பானட்டைத் தாழ்த்தலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பழைய சிஜே-3பி ஜீப்பின் பானட் உயரமாக இருப்பது அழகுக்காக அல்ல. அதன் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்டேக் வால்வு மேலே ஹெட்டில், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில். அந்த அமைப்பால் எஞ்சின் உயரம் கூடியது, அதற்கு இடம் கொடுக்கவே பானட்டை ஏற்றினார்கள். தாழ்த்தினால் எஞ்சின் மேல் இடிக்கும்.

இனி சேஸிஸ். இதில்தான் இரண்டு ஆள் இருப்பது வரம். வண்டியை நாலு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம், சொல்லாமல் நொறுங்கும். வீல் கழற்றும்போது கவனம்: பழைய ஜீப் பலவற்றில் இடப்பக்க நட் எதிர்த்திருகு. தெரியாமல் எக்ஸ்டென்ஷன் பைப் போட்டு இழுத்து போல்டை முறித்தவர்கள் நிறைய. பிறகு கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்று வாங்குங்கள். அப்பா ஒவ்வொரு ஸ்பிரிங் ஹாங்கர் (பட்டை ஸ்பிரிங்கின் நுனியைச் சேஸிஸோடு பிடிக்கும் இடம்) போல்டின் மையத்திலிருந்தும் நூலைத் தொங்கவிடட்டும்; குண்டு ஆடி நின்றதும் சிமென்ட் தரையில் நீங்கள் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுங்கள். எட்டுப் புள்ளி வரும். அவற்றின் குறுக்களவை டேப்பால் இரண்டு பக்கமும் எடுத்தால் சேஸிஸ் நேரா, கோணலா என்பது தெரிந்துவிடும். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. 6-ஐத் தாண்டினால் அடிவாங்கிய வண்டி, சேஸிஸ் நிமிர்த்தும் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அதைக் கண்டுகொள்ளாமல் வேலையைத் தொடர்ந்தால், கடைசியில் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். எத்தனை அலைன்மென்ட் செய்தாலும் சரியாகாது.

ஸ்டீயரிங் பாக்ஸ் பூட்டும் இடத்திலும் முன் ஸ்பிரிங் ஹாங்கர் அருகிலும் வெடிப்பு தேடுங்கள். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து டீசலில் துடைத்தால் வெடிப்பு கறுப்புக் கோடாகத் தெரியும். அதன் நுனிகளில் 3 மி.மீ. துளை போடுங்கள், இல்லாவிட்டால் வெல்டைத் தாண்டியும் ஓடும். பிறகு வெடிப்பை வி வடிவில் தோண்டி நிரப்பி, மேலே வைர வடிவத் தகடு வையுங்கள். சதுரத் தகடு வைத்து மேலிருந்து கீழாக நேர்கோட்டில் வெல்ட் அடித்தால் அடுத்த வெடிப்பு அந்தக் கோட்டிலேயே வரும்.

கேட்டுக்கு ஓட்டும் 6013 வெல்டிங் ராடு இங்கே வேண்டாம், 7018 ராடு எடுங்கள். அதற்கு டிசி இன்வெர்ட்டர் மெஷின் நல்லது. ராடை பாசிட்டிவில் மாட்டுங்கள். 7018-க்கு ஈரம் பகை. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பாக்கெட்டைப் பிரித்து வைத்தால் ராடு ஈரம் இழுத்து, வெல்டுக்குள் துளை விழும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பாட்டரி ஒயரைக் கழற்றாமல் வெல்டிங் தொடக் கூடாது. பெட்ரோல் டேங்க் ஷெட்டுக்கு வெளியே போக வேண்டும். காலி டேங்க்தான் அதிக ஆபத்து, உள்ளே நிற்பது ஆவி.

எஞ்சினைப் பிரிக்கும் முன் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை, கேஜ் வைத்துப் பாருங்கள். நாலு சிலிண்டருக்கும் இடையே 10 பிஎஸ்ஐ-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். கியர்பாக்ஸ் ஆயில் குறைந்துகொண்டே போய், வெளியே ஒழுக்கும் இல்லையென்றால் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸைத் திறந்து பாருங்கள். நடு சீல் போய் அங்கே சேர்ந்திருக்கும்.

கழற்றிய போல்ட்டை எல்லாம் ஒரே பக்கெட்டில் போடாதீர்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இடவாரியாகப் போட்டு, பிளாஸ்திரி ஒட்டி எழுதுங்கள். பாதியில் நிற்கும் ஜீப்புகளில் பல இந்த பக்கெட்டால்தான் நிற்கின்றன.

பெயிண்ட் கடைசி, அதுவும் மழைக்காலத்தில் வேண்டாம். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டில் தின்னர் வேகமாகப் பறந்து தகட்டைக் குளிர்விக்கும். ஈரக் காற்று அதில் படிந்து வெள்ளை பூக்கும். ஜனவரிக் காற்றிலோ தூசி. ஷெட்டின் பின்பக்கத் தார்ப்பாயை இறக்கி, தரையை நனைத்துவிட்டு அடியுங்கள்.

பிரேக் காற்று எடுப்பது, அதாவது பிரேக் ஆயில் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது, மறுபடி இரண்டு ஆள் வேலை. முதலில் ஷூவை ட்ரம்மோடு ஒட்ட அட்ஜஸ்ட் செய்யுங்கள், இல்லாவிட்டால் எவ்வளவு காற்று எடுத்தாலும் பெடல் ஆழமாகப் போகும். தூரமான வீலில் தொடங்கி, பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. அப்பா பெடலை அமுக்கி “பிடிச்சிருக்கேன்” என்றதும் வீலுக்குப் பின்னால் இருக்கும் காற்று நிப்பிளைத் திறங்கள். நீங்கள் மூடி “ம், விடுங்கப்பா” என்று சொல்லும் வரை அவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போகும், அந்த வீலை முதலிலிருந்து செய்ய வேண்டும்.